பயிற்சியாளருக்கு ஏணி எங்கே?

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பித்தூளும் வாங்கும் தமிழ்க் குடும்பங்களின் நடுவே தங்கி ஆய்வு செய்துவருகிறேன். மாலை நடைக்கு ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்குப் போவது வழக்கம். அங்கே ஓர் இளைஞர் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுத்தருகிறார். பயிற்சி உரிமம் பெற்றவர்; நிலையான ஊதியம் இல்லாதவர். அடுத்த படி என்ன என்று கேட்டேன். "பெரிய கிளப்பிலிருந்து யாராவது கூப்பிட வேண்டும், தாதா" என்றார்.

அந்த 'யாராவது' என்ற சொல்தான் இப்பதிவுக்குக் காரணம்.

அமெரிக்கக் கால்பந்து நம் கால்பந்தன்று, ஆட்டமே வேறு. ஆனால் அங்கே பயிற்சியாளரின் தொழிற்பாதை தெளிவானது. முதுகலை மாணவராக இருக்கும்போதே கல்லூரி அணியின் பயிற்சிக் குழுவில் சேரலாம். பின்னர் ஒரு பிரிவு வீரர்களுக்குப் பயிற்சியாளர், அடுத்துத் தாக்குதல் அல்லது தற்காப்பு ஒருங்கிணைப்பாளர், இறுதியில் தலைமைப் பயிற்சியாளர். ஏழு முறை தேசியப் பட்டம் வென்ற நிக் சேபன் 1973இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவ உதவியாளராகத் தொடங்கினார். 1990இல்தான் டொலிடோவில் தலைமைப் பொறுப்பேற்றார். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளும் தொழில் கற்ற ஆண்டுகள்.

நம் வரலாறு வேறு. இந்தியாவுக்கு 1951இலும் 1962இலும் ஆசியத் தங்கம் பெற்றுத்தந்த சையது அப்துல் ரஹீம் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பி. கே. பானர்ஜி கிழக்கு ரயில்வே ஊழியர். இங்கிலாந்து சென்று பயிற்சிமுறை கற்றுத் திரும்பிய அமல் தத்தா, பயிற்சியையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்ட முன்னோடி. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் பானர்ஜியின் ஈஸ்ட் பெங்கால் தத்தாவின் மோகன் பகானை 4–1 என வென்றது. இருவரும் மேதைகள்தாம். ஆனால் அவர்கள் நடந்த வழி அவர்களோடு முடிந்தது. பின்வருவோர் ஏறும் படியாக அது மாறவில்லை.

2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் காலித் ஜமீல். சிறிய நகரின் அணியான ஐஸாலை 2017இலேயே ஐ-லீக் வாகையராக்கியவர் அவர். 2025இல்தான் தேசிய அணி அவரிடம் வந்தது. இதைத் தனிமனித விடாமுயற்சியின் கதையாகக் கொண்டாடுகிறோம். எனக்கோ இது ஏணியின்மைக்குச் சான்றாகவே படுகிறது.

உரிமப் படிநிலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உரிமம் தகுதியைக் காட்டும், பணியிடத்தைத் தராது. முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கௌரவ விரிவுரையாளராகக் காலந்தள்ளும் நம் நண்பர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்க ஏணி நேர்மையானது என்று நான் வாதிடவில்லை. கறுப்பினத்தவர் தலைமைப் பதவிக்கு வரத் தடைகள் இருந்தமையால்தான், சிறுபான்மையினரையும் நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்ற ரூனி விதியைத் தொழில்முறைக் கால்பந்து லீக் 2003இல் கொண்டுவந்தது. அவ்விதி குறையைத் தீர்த்துவிடவுமில்லை. ஆயினும் படிகள் கண்ணுக்குத் தெரிந்தமையால்தான் எந்தப் படியில் யார் நிறுத்தப்படுகிறார் என்று எண்ண முடிந்தது. படியே இல்லாத இடத்தில் அநீதியை அளக்கக்கூட வழியில்லை; 'யாரும் கூப்பிடவில்லை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தொடக்கத்தை நம் வளாகங்களிலேயே வைக்கலாம். உடற்கல்வித் துறைகள் இருக்கின்றன. பல்கலைக்கழக அணிகளும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்து, முதுகலை மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் கூடிய உதவிப் பயிற்சியாளர் பணியை உருவாக்கலாம். தெரிவு முறையும் பணிக்காலமும் ஊதியமும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். பெரும் மைதானமோ அயல்நாட்டு வல்லுநரோ இதற்குத் தேவையில்லை.

நாளை மாலையும் அந்த இளைஞர் ஏரிக்கரையில் இருப்பார். அவர் யாருடைய அழைப்புக்காகவும் காத்திராமல் விண்ணப்பிக்கக்கூடிய ஒரு பதவியையாவது நாம் உண்டாக்கித் தர வேண்டும்.