ஒரே எழுத்து... நண்பனோட வேலை காலி!

மூணாம் வருஷ புராஜெக்ட், ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. நண்பன் ரெண்டு வாரமா எழுதின லாகின் பகுதியை என் கோடோட சேர்க்க 'கிட் மெர்ஜ்' அடிச்சேன். கான்ஃப்ளிக்ட் வந்தா என் வரியே ஜெயிக்கட்டும்னு '-எஸ் அவர்ஸ்' போட்டேன். சத்தமே இல்லாம மெர்ஜ் முடிஞ்சது. திறந்து பார்த்தா, அவன் எழுதினது ஒரு வரிகூட இல்லை!

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட்டில், மெர்ஜ் கட்டளைக்கு ரெண்டு 'அவர்ஸ்' உண்டு. '-எக்ஸ் அவர்ஸ்' என்றால், ரெண்டு பேர் மாற்றமும் மோதுகிற இடத்தில் மட்டும் நம்முடையதை எடுக்கும். மற்றபடி நண்பனுடையதும் வந்து சேரும். '-எஸ் அவர்ஸ்' அப்படியில்லை பாஸ்! அவன் பிராஞ்ச்சில் என்ன இருக்குன்னு எட்டிக்கூடப் பார்க்காது. ஆனா, 'சேர்த்தாச்சு'ன்னு ஹிஸ்டரியில் மட்டும் பதிஞ்சு வைக்கும். மறுபடி மெர்ஜ் அடிச்சாலும், 'ஏற்கெனவே சேர்ந்தாச்சே'ன்னு கைவிரிச்சிடும். ரெண்டையும் குழப்பிக்காதீங்கன்னு மேனுவலிலேயே இருக்கு. யாரு படிச்சா?

நல்லவேளை, அவன் பிராஞ்ச்சில் எல்லாம் பத்திரமா இருந்துச்சு. நானும் இன்னும் புஷ் பண்ணலை. 'கிட் ரீசெட் --மெர்ஜ் ஒரிக்_ஹெட்' அடிச்சேன். மெர்ஜுக்கு முந்தைய நிலை திரும்பிடுச்சு. அப்புறம் '-எக்ஸ்' போட்டு ஒழுங்கா சேர்த்தேன்.

ஞாபகம் வெச்சுக்கங்க: எஸ்-னா ஸ்ட்ராட்டஜி, அதாவது சேர்க்கும் முறையே மாறும். எக்ஸ்-னா அந்த முறைக்குள்ள ஒரு சின்ன சலுகை.

விடிஞ்சதும் நண்பன்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். செமஸ்டர் முடியுறவரைக்கும் டீ செலவு என் தலையில!