கிழக்கின் டிராயாம்!

விடுமுறைக்கு வெளிநாடு போக எல்லோருக்கும் வசதி கிடையாது. அதனால் நம் ஊர்க் குடும்பங்கள் ஓர் அருமையான விளையாட்டைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. சனிக்கிழமை காலை காரில் ஏறும்போதே ஆரம்பமாகிவிடும். "இன்னிக்கு நாம எந்த நாட்டுக்குப் போறோம், சொல்லு பார்ப்போம்?" என்று அப்பா கேட்பார். பின்சீட்டிலிருந்து "பிரான்ஸ்!" என்று குரல் வரும். பாண்டிச்சேரி என்று அர்த்தம். தரங்கம்பாடி என்றால் டென்மார்க். சதுரங்கப்பட்டினம் என்றால் ஹாலந்து. ஊட்டி, சுவிட்சர்லாந்து. சிவகாசி, குட்டி ஜப்பான். கொஞ்சம் கற்பனை உள்ள அம்மாக்கள் அட்டையில் பாஸ்போர்ட் செய்து கொடுத்து, டோல்கேட்டில் ரப்பர் ஸ்டாம்ப்கூட குத்துகிறார்கள்.

எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். ஒரு குழந்தையை மூன்று மணி நேரம் செல்போன் இல்லாமல் உட்கார வைக்கிற எதையும் நான் கும்பிடத் தயார். என் சண்டை விளையாட்டோடு இல்லை. அந்த வரிசையில் செஞ்சிக்கு என்ன நாடு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள் என்பதோடுதான்.

'கிழக்கின் டிராய்.'

வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சுற்றுலாக் கையேட்டில் இருக்கிறது, பள்ளிக்கூடக் கட்டுரையில் இருக்கிறது, டிராவல்ஸ்காரர் வாயில் இருக்கிறது. பாவம், டிராய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் பிராட் பிட் படத்தைத்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாமா?

டிராய் என்று இன்று காட்டப்படுவது துருக்கியில் ஹிசார்லிக் என்கிற ஒரு மேடு. 1870-களில் ஷ்லீமன் என்ற ஜெர்மன்காரர் தோண்டி, 'இதுதான் டிராய்' என்றார். மேட்டின் மேலே இருக்கிற உள்கோட்டை சுமார் 200 மீட்டர் அகலம். இங்கே செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்துக் கட்டிய மதில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

முற்றுகையில் ஒற்றுமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கிரேக்கர்கள் டிராயைப் பத்து வருடம் முற்றுகையிட்டதாகக் கதை. ஔரங்கசீப்பின் படை செஞ்சியை எட்டு வருடம் முற்றுகையிட்டது, 1690-லிருந்து 1698 வரை. இது கதை இல்லை, தேதி போட்ட வரலாறு. ஆக, நடந்ததா இல்லையா என்று இன்னும் அறிஞர்கள் அடித்துக்கொள்கிற ஒரு முற்றுகையின் பெயரை, சந்தேகமே இல்லாமல் நடந்த ஒரு முற்றுகைக்கு இரவல் வாங்கியிருக்கிறோம். வழக்கமாக இல்லாதவன் இருப்பவனிடம் வாங்குவான். இங்கே தலைகீழ்.

இந்த இரவல் வியாதி செஞ்சியோடு நிற்பதில்லை. கோயம்புத்தூர், தென்னிந்தியாவின் மான்செஸ்டர். மதுரை, கிழக்கின் ஏதென்ஸ். ஆலப்புழை, கிழக்கின் வெனிஸ். சென்னை, இந்தியாவின் டெட்ராய்ட். அந்த அசல் டெட்ராய்ட் 2013-ல் நகராட்சியே திவாலாகி கோர்ட் படி ஏறியது. மான்செஸ்டரில் பருத்தி மில்கள் மூடி எத்தனையோ காலமாகிறது. எந்த ஊராவது 'மேற்கின் மதுரை' என்று போர்டு வைத்துக்கொண்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"பேர்ல என்ன சார் இருக்கு? ஜனங்க வந்தா சரி" என்று ஒரு கட்சி உண்டு. ஐயா, பேரில்தான் எல்லாம் இருக்கிறது. டிராய் என்று சொல்லிக் கூட்டிப்போன குழந்தை உள்ளே நுழைந்ததும் என்ன கேட்கும் தெரியுமா? "குதிரை எங்கப்பா?" மரக்குதிரை இல்லை. பத்து நிமிடத்தில் கோட்டை போரடித்துவிடும். அப்புறம் சிப்ஸ், குரங்கு, செல்ஃபி, திரும்பி கார். ஆனால் நிஜக் குதிரை ஒன்று இந்தக் கோட்டையில் இருந்தது. கல்யாண மஹாலைச் சுற்றி வரிசை வரிசையாக லாயங்கள் இன்னும் நிற்கின்றன. பாராசாரி என்று அந்தக் குதிரைக்கு நம் ஜனங்கள் பெயர் சொல்லிப் பாடினார்கள். அதன் முதுகில் ஏறிய பையனை, அப்பாவுக்கே சரியாகத் தெரியாததால், குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை.

அவன்தான் தேஜ்சிங். நம் வாயில் தேசிங்கு. எங்கிருந்து வந்தவன்? நடு இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதி ராஜபுத்திரக் குடும்பம். வயது இருபத்திரண்டு. 1714-ல் பத்து மாதம்கூட முழுசாக ஆளவில்லை. கப்பம் கட்டமாட்டேன் என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, அந்த அக்டோபரிலேயே போர்க்களத்தில் செத்தான். அவன் உயிர்த் தோழன் ஒரு முஸ்லிம், மகபத்கான். நாட்டுப்பாடலில் மோவுத்துக்காரன். அவனும் அதே களத்தில் போனான். சரித்திரப் புத்தகத்தில் அரைப் பக்கம்கூடத் தேறாத அந்தப் பையனைத் தென்னாற்காட்டு ஜனங்கள் இருநூறு முந்நூறு வருடமாகப் பாடினார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். 'ராஜா தேசிங்கு' ஆனார். தமிழ் பேசாத ஒரு குடும்பத்துப் பையனைத் தமிழ்க் கிராமம் தத்து எடுத்துக்கொண்ட கதை இது. இதைவிட நல்ல உலகக் கதை எந்த டிராயில் இருக்கிறது?

நான் சொல்ல வருவது இதுதான். செஞ்சிக்கு ஒரு வெளிநாட்டைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. உலகம் நிஜமாகவே இங்கே வந்திருக்கிறது. ஒவ்வொருவராக, பெட்டி படுக்கையோடு, பீரங்கியோடு.

1597-ல் பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் வந்தார். அப்போது செஞ்சியில் இருந்தவர் கிருஷ்ணப்ப நாயக்கர். பாதிரியார் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லிஸ்பனைத் தவிர போர்ச்சுக்கலில் இவ்வளவு பெரிய ஊர் கிடையாது என்று எழுதி அனுப்பினார். கவனியுங்கள். அவர் செஞ்சியைக் 'கிழக்கின் லிஸ்பன்' என்று சொல்லவில்லை. லிஸ்பனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஒப்பிடுவதென்றால் அப்படி ஒப்பிட வேண்டும்.

1649 வாக்கில் பீஜப்பூர் சுல்தானின் படை வந்து பாதுஷாபாத் என்று பெயர் வைத்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். மராட்டியர்களுக்கு இது சந்தி. முகலாயர்கள் பிடித்ததும் நஸ்ரத்கட். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் ஜிஞ்ஜி என்றார்கள். இந்தப் பெயர்க் கதை முழுவதையும் சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-லேயே அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்த புத்தகத்தில் எழுதிவிட்டார். யார் படித்தோம்? பிடித்தவன் எல்லாம் பெயர் வைத்தான், சரி. நமக்கென்று இருக்கிற பெயர் செஞ்சி. அது போதாதென்று நாமே போய் இன்னும் ஒரு பெயரைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

இன்னொரு சமாசாரம். முகலாயர்கள் ராய்கட்டை முற்றுகையிட்ட பிறகு சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், பன்ஹாளாவிலிருந்து மாறுவேடத்தில் தப்பித்து 1689 கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அந்த முற்றுகைக் காலம் பூராவும் மராட்டிய ராஜ்ஜியத்தின் தலைநகரம் செஞ்சிதான். 1690-ல் கடலூர் தேவனாம்பட்டினத்தை மராட்டியர்கள் இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்று பேச்சு. (ரியல் எஸ்டேட்டில் நாம்தான் கில்லாடிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.) அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதல்லவா, அவர் பெயர்தான். அமெரிக்காவில் படிக்கிற உங்கள் அக்கா பையனுக்கு ஸ்கைலைனைக் காட்டி வீடியோ கால் பேசுகிறீர்களே, ஒருமுறை செஞ்சி மலையைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

பிறகு 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். எட்டு வருடம் முகலாயர்களைக் காக்க வைத்த கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்தார். 1761 ஏப்ரலில் இங்கிலீஷ்காரன் கைக்குப் போனது. 1780-ல் ஹைதர் அலி. இதற்கு மேல் நாடு வேண்டுமென்றால் ஐக்கிய நாடுகள் சபைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது பாண்டிச்சேரிக்கு வருகிறேன். வார இறுதி 'பிரான்ஸ்' பயணத்தில் எல்லாரும் தவறாமல் போகிற இடம் கடற்கரை காந்தி சிலை. சுற்றிலும் உயரமான கருங்கல் தூண்கள், கொள்ளை வேலைப்பாடு. ஐஸ்க்ரீமோடு அதன் கீழே நின்று குடும்பப் படம் எடுக்கிறோம். அந்தத் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை என்கிறார்கள். வேங்கடரமணர் கோயில் தூண்கள். அந்தக் கோயில் இன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. ஆக, 'பிரான்ஸ்' பார்க்கப் போய் செஞ்சியின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு, செஞ்சிக்குப் போய் டிராயைத் தேடுகிறோம்!

இன்னொரு கூட்டம் வேறு மாதிரி சண்டை போடுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தனியாக இல்லை. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். "ஆனந்தக் கோன் கட்டிய கோட்டை, மராட்டியனுக்கு எப்படிப் போச்சு?" கேள்வி நியாயமானதுதான். இந்த மலையில் கல் சுமந்தவன் பெயர் அந்தத் தலைப்பில் இல்லை. கல்யாண மஹாலும் நெற்களஞ்சியமும் கட்டிய காலம் அந்தத் தலைப்பில் இல்லை. அதைச் சொல்ல வேண்டும், உரக்கவே சொல்ல வேண்டும்.

ஆனால் கோபப்படுகிற அதே வாய், அடுத்த மூச்சில் 'கிழக்கின் டிராய்' என்று சொல்கிறதே, அதுதான் தாங்கவில்லை. மராட்டியன் என்றால் இனிக்காது, கிரேக்கன் என்றால் இனிக்குமா? மராட்டியனாவது இங்கே வாழ்ந்தான், தோற்றான், செத்தான். கிரேக்கனுக்கும் இந்த மலைக்கும் என்ன ஐயா சம்பந்தம்?

நம்மில் எத்தனை பேர் செஞ்சிக்குப் போயிருக்கிறோம் என்றும் கேட்டுக்கொள்ளலாம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு எத்தனை கார்கள் போகின்றன! திண்டிவனத்தில் திரும்பி இருபத்தெட்டு கிலோமீட்டரில் செஞ்சி. அங்கிருந்து திருவண்ணாமலை ரோடு கோட்டைக்கு வெளியே சுற்றிக்கொண்டு போவதில்லை, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது. அதாவது நீங்கள் எட்டு வருட முற்றுகையை அறுபது கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நிமிடத்தில் கடந்திருக்கிறீர்கள். அப்போது காரில் என்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று கேட்டு உங்களை நான் சங்கடப்படுத்தப் போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை விளையாடுங்கள். அட்டைப் பாஸ்போர்ட்டும் இருக்கட்டும். ஆனால் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். திண்டிவனம் தாண்டியதும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேஷம் கொடுங்கள். ஒருத்தி பிமெந்தா பாதிரியார். பார்த்ததையெல்லாம் லிஸ்பனுக்குக் கடிதம் எழுத வேண்டும். ஒருத்தன் ராஜாராம், யாருக்கும் அடையாளம் தெரியாமல் வாசலைத் தாண்ட வேண்டும். இன்னொருத்தன் புஸ்ஸி, எந்தப் பக்கம் ஏறினால் ஒரு ராத்திரியில் பிடிக்கலாம் என்று அவனே பார்த்துச் சொல்லட்டும். பாட்டி வந்திருந்தால் அவர்தான் தேசிங்கு கதை சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் உரிமை இல்லை. தாத்தாவுக்கு முட்டிவலி என்றால் ராஜகிரி வேண்டாம், கல்யாண மஹால் நிழலில் உட்காரட்டும். அந்தக் காலத்தில் சுடுமண் குழாய் வழியாகச் சக்கரக்குளத்துத் தண்ணீர் அந்த மஹால் வரைக்கும் வந்தது. அவர் பாட்டுக்குக் குழாய் போன வழியைத் தேடிக்கொண்டிருப்பார்.

காலையில் சீக்கிரம் போங்கள். மதியத்துக்கு மேல் போனால் பாறைச் சூடும் படியும் சேர்ந்து உங்களைக் கீழேயே நிறுத்திவிடும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். ராஜகிரி உச்சியில் ரங்கநாதர் கோயிலையும் பீரங்கியையும் பார்த்துவிட்டு நாலு பக்கமும் ஒரு சுற்று திரும்பிப் பாருங்கள். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டும் ஏறாதீர்கள். இப்போது கோட்டை குரங்குகள் வசம் இருக்கிறது, கப்பம் கட்டாமல் விடமாட்டார்கள்.