மீசையில் மண்

கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கும் பேர்வழிகளை நம் பழமொழி பரிகாசம் செய்கிறது. அந்தச் சாதிப்புக்குச் சற்றும் இடங்கொடாத மல்வித்தை ஒன்று உண்டு. பிரேசில் தேசத்து ஜியு-ஜித்ஸு என்பது அதன் பெயர். அதன் பயிற்சிக் கூடத்தில், மண் ஒட்டியதை ஒட்டியவனே அறிவித்தாக வேண்டும். எதிரி கையைப் பூட்டி விட்டாலும், கழுத்தை இறுக்கி விட்டாலும், அகப்பட்டவன் உள்ளங்கையால் இரண்டு மூன்று தரம் தட்டுகிறான். பிடித்தவன் அக்கணமே விட்டு விடுகிறான். இருவரும் எழுந்து மறுபடி தொடங்குகிறார்கள். ஒரே மாலையில் பத்துத் தரம் தட்டுவது புதிய மாணாக்கனுக்குச் சர்வ சாதாரணம்.

இந்த ஏற்பாட்டின் மூலவர் ஜப்பானிய அறிஞர் ஜிகோரோ கானோ. அவர் 1882-ல் டோக்கியோவில் 'கோடோகான்' என்னும் கலாசாலையை ஸ்தாபித்தார். பழைய ஜுஜுத்ஸுவில் இருந்த பல அடிகளையும் முறிப்புகளையும் தோழன் மீது முழுப் பலத்துடன் பழகிப் பார்க்க முடியாது. பழகினால் மறுநாள் தோழன் வரமாட்டான்! கானோ அபாயமானவற்றைப் பயிற்சிச் சண்டையினின்றும் விலக்கினார். எஞ்சியவற்றை, மெய்யாகவே எதிர்க்கும் ஒருவன் மீது பழகும்படி செய்தார். பாடத்தை ஒப்புவிக்கும்போது தவறு மறைந்து கொள்ளும்; எதிர்ப்பவன் வந்தால்தான் அது வெளிப்படும்.

இவ்வித்தையை நம் நாட்டுக்கு வரவழைக்க முன்வந்தவர் கவி ரவீந்திரநாத டாகுர் என்பது நேயர்களில் பலருக்கு வியப்பளிக்கலாம். 1905-லேயே ஸானோ என்னும் ஜப்பானிய ஆசிரியர் சாந்திநிகேதனம் வந்தார். 1929-ல் கோடோகானில் தேர்ந்த ஷின்ஸோ தகாகாகி வந்து ஜூடோ கற்பித்தார். பெண்களும் அவரிடம் கற்றார்கள். கோடோகானின் மற்றொரு மாணாக்கரான மிட்ஸுயோ மயேதா 1914-ல் பிரேசில் சென்றார். அவர் வழி வந்த வித்தையைத்தான் கிரேஸி குடும்பத்தார் தங்கள் முறையில் வளர்த்தார்கள்.

தவறிலிருந்து கற்பது என்று சொல்வது எளிது. தவறு எங்கே இருக்கிறது என்று காண்பதல்லவோ கடினம்! மார்பின் மேல் ஏறி உட்கார்ந்த எதிரியை இரு கைகளையும் நீட்டித் தள்ளப் பார்ப்பது புதியவர்களின் சுபாவம். நீட்டிய கையை எதிரி பற்றி, தன் கால்களுக்கிடையே வைத்து, முழங்கையைப் பின்புறமாக வளைக்கிறான். தட்டியாயிற்று. மாணாக்கனைக் கேட்டால், "கையை இழுத்துக்கொள்ளத் தாமதித்தேன்" என்பான். உண்மையில் முழங்கை விலாவை விட்டு அகன்றபோதே ஆட்டம் போய் விட்டது. நல்ல வாத்தியார் அதற்கும் முன்னே செல்வார்: எதிரியை மார்பின் மேல் ஏற விட்டது எப்படி?

ஆரணி, சந்தவாசல் பக்கத்துப் பட்டு நெசவாளருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. பூவேலையில் ஓர் ஊடை இழை தவறிப் போனால், தவறு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவர் கை வைப்பதில்லை. அதன் பிறகு நெய்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு, தவறு நேர்ந்த இழை வரையில் பின்னே போகிறார். நாலு இழைக்குள் கண்டுபிடித்தால் நாலு இழை வேலைதான் நஷ்டம். துணி படமரத்தில் சுற்றப்பட்டு, சேலையாகிக் கடைக்குப் போன பின் தெரிந்தால் நஷ்டக் கணக்கே வேறு. பயிற்சிக் கூடத்தில் தட்டுவது நாலு இழைக்குள் காணும் தவறு. போட்டி மேடையும் தெருச் சண்டையும் கடைக்குப் போன சேலை.

ஆயினும் தட்டியவர்களெல்லாம் கற்றுவிடுவதில்லை. பலசாலியான இளைஞன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்ட மறுக்கிறான். மூட்டு வீங்கி ஒரு மாதம் வீட்டில் இருக்கிறான். இன்னொருவன் தன்னிலும் மெலிந்தவனையே தினமும் தேடிப் பிடிக்கிறான். அவன் தவறுகளுக்குத் தண்டனையே கிடைப்பதில்லை. இவ்விருவரிலும் பின்னவன் நிலைமைதான் பரிதாபம் என்பது நமது அபிப்பிராயம். மூட்டு வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்து விடுமே! கெட்டிக்கார மாணாக்கன் தட்டிய கையோடு தோழனைப் பார்த்து, "அதே பிடியை மறுபடி, மெதுவாகப் போடு" என்கிறான். இரண்டு நிமிஷ வேலை. கூச்சத்தினால் அதைக் கேளாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய் விடுகிறவர்களே அதிகம்.

1951 அக்டோபரில், ரியோ நகரத்து மரகானா மைதானத்தில், ஜப்பானிய வீரர் மஸாஹிகோ கிமூரா, ஹேலியோ கிரேஸியின் கையை முதுகுப் புறமாகத் திருகிப் பூட்டினார். ஹேலியோ தட்டவில்லை, தமையனார் கார்லோஸ்தான் தலையிட்டு ஆட்டத்தை நிறுத்தச் செய்தார். கிரேஸி குடும்பம் அந்தத் தோல்வியை மறைக்க முயலவில்லை. அந்தப் பூட்டுக்கு ஜப்பானில் பழைய பெயர் ஒன்று உண்டு. பிரேசில் வழிக் கூடங்களிலோ அதற்கு வென்றவர் பெயரையே வைத்து, 'கிமூரா' என்று சொல்லி, இன்றும் கற்றுக் கொடுக்கிறார்கள்.