மீம் பேசும் அரசியல்: கேப்டனிடம் தாமதமாகக் கேட்ட மன்னிப்பு

சாந்தோம் பேராலயத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் எம்.ஆர்.சி. நகர். சன் டி.வி-யின் தலைமை அலுவலகம் இருப்பது அங்கேதான். அதே பேராலயத்திலிருந்து வடக்கே போனால் கலங்கரை விளக்கம். அதைத் தாண்டினால் மெரினா. தமிழ் மீம் எப்படி ஓர் அரசியல் மொழியானது என்று தெரிந்துகொள்ள, இந்த இரண்டு இடங்களையும் பார்த்தாலே பாதிக் கதை புரிந்துவிடும்.

முதலில் டி.வி. 2009-ல் சன் குழுமம் 'ஆதித்யா' என்ற நகைச்சுவை சேனலைத் தொடங்கியது. காலை டிபனிலிருந்து இரவுச் சாப்பாடு வரை கவுண்டமணி, வடிவேலு, விவேக் காட்சிகள் திரும்பத் திரும்ப ஓடின. தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே காமெடி மனப்பாடம் ஆனது. ஸ்மார்ட்போன் வீட்டுக்கு வீடு வந்தபோது, மீமுக்குத் தேவையான அகராதி இங்கே ஏற்கெனவே தயாராக இருந்தது.

அந்த அகராதியில் ஒவ்வொரு முகமும் ஒரு சொல். 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ள என்றால், வீறாப்பு பேசி அடிவாங்குகிறவர். 'தலைநகரம்' (2006) படத்தின் நாய் சேகர் என்றால், பில்டப் மட்டுமே உள்ளவர். ஓர் அரசியல்வாதியின் பெயரை அந்தப் படத்தின் மேல் எழுதினால் போதும். விளக்கம் தேவையில்லை, ஆதாரம் தேவையில்லை. பார்ப்பவர் சிரித்துவிட்டால், சொன்னதை ஏற்றுக்கொண்ட மாதிரிதான்.

அடுத்து மெரினா. 2017 ஜனவரி 17 முதல் 23 வரை, ஜல்லிக்கட்டுக்காக அங்கே கூடிய இளைஞர்களுக்குக் கட்சிக்கொடி இல்லை, தலைவர் இல்லை. கையில் செல்போன் இருந்தது. கோஷங்களிலும் பதாகைகளிலும் மீம் வாசனை தூக்கலாகவே இருந்தது. அடுத்த மாதமே, பிப்ரவரி 7-ம் தேதி இரவு, ஜெயலலிதா நினைவிடத்தில் ஓ.பன்னீர்செல்வம் தியானத்தில் அமர்ந்தார். டி.வி-யில் விவாதம் முடிவதற்குள் போனில் மீம்கள் வந்துவிட்டன.

அதன்பிறகு இந்த மொழி மாநில எல்லையையும் தாண்டியது. 2018 ஏப்ரல் 12-ல், காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்த நேரத்தில், திருவிடந்தை ராணுவக் கண்காட்சிக்குப் பிரதமர் மோடி வந்தார். 'கோ பேக் மோடி' ட்விட்டரில் உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. 2019 ஜனவரியில் அவர் மதுரை எய்ம்ஸ் அடிக்கல் நாட்டு விழாவுக்கு வந்தபோது, 'தமிழ்நாடு வரவேற்கிறது' என்ற எதிர் ஹேஷ்டேக்கும் சேர்ந்து ஓடியது. எல்லாக் கட்சிகளும் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டன என்பதற்கு அது ஒரு சாட்சி.

அதே ஆண்டு மே மாதம் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?' என்று கேட்டிருந்தார்கள். 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் சுத்தியல் தலையில் விழுந்து அடிபட்ட கான்ட்ராக்டர் நேசமணியை ஒரு தமிழர் நினைவுபடுத்த, நேசமணி நலம்பெற ஊரே வேண்டிக்கொண்டது. மோடி இரண்டாவது முறை பிரதமராகப் பதவியேற்ற மே 30-ம் தேதியும், ட்விட்டரில் நேசமணிதான் பேச்சு. 18 வருடத்துக்கு முந்தைய ஒரு காமெடிக் காட்சி, டெல்லி விழாவுக்குப் போட்டியாக நின்றது.

இதுவரை சிரிப்பு. இனி, சிரித்து முடித்தபின் மிஞ்சிய கதை.

2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க-வுக்காகப் பிரசாரம் செய்த வடிவேலு, மேடைக்கு மேடை விஜயகாந்தைத் தாக்கிப் பேசினார். பலன் இல்லை. தே.மு.தி.க. 29 இடங்களில் வென்றது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். மேடைப்பேச்சால் அசைக்க முடியாத அதே விஜயகாந்தை, அடுத்த சில ஆண்டுகளில் மீம்கள் ஒரு காமெடிப் பாத்திரமாகவே மாற்றிவிட்டன.

அவரும் இடம் கொடுத்தார் என்பது உண்மை. 2015 டிசம்பரில் பத்திரிகையாளர்களைப் பார்த்து அவர் 'தூ' என்றது, எந்த ஜனநாயகத்திலும் கேலிக்கும் கண்டனத்துக்கும் உரியதுதான். ஆனால் மீம்கள் அதோடு நிற்கவில்லை. அவர் நாக்குழறியது, தடுமாறியது, கண்கள் சிவந்திருந்தது எல்லாமே டெம்ப்ளேட் ஆயின. உடல்நலம் குன்றிக்கொண்டிருந்த மனிதரை, குடிகாரர் என்ற ஒரே சொல்லில் அடைத்தார்கள். 2016-ல் அவர் மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளர். கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை, உளுந்தூர்பேட்டையில் அவரே தோற்றார். அந்தத் தோல்விக்குக் கூட்டணிக் கணக்கு உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால், 'இவரை சீரியஸாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை' என்ற எண்ணம் போன் போனாகப் பரவியிருந்ததையும் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

2023 டிசம்பர் 28-ல், 71 வயதில் விஜயகாந்த் மறைந்தார். தீவுத்திடலில் மக்கள் வெள்ளம். அன்று சமூக வலைதளங்களில் நிறைந்ததும் மீம்கள்தான். இந்த முறை, 'மன்னித்துவிடுங்கள் கேப்டன்' என்ற தொனியில். ஷூட்டிங்கில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு போட்டவர், நடிகர் சங்கத்தைக் கடனிலிருந்து மீட்டவர் என்ற கதைகள் அதே பக்கங்களில் வரிசைகட்டின. மன்னிப்பு கேட்கப்பட்டது, கேட்க வேண்டியவர்தான் இல்லை.

அப்படியென்றால் மீமுக்குக் கடிவாளம் போட வேண்டுமா? போட நினைத்தவர்களின் கதை அவ்வளவு பெருமையாக இல்லை. 2012-ல் மம்தா பானர்ஜி பற்றிய கேலிப்படத்தைப் பகிர்ந்ததற்காக ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். வழக்கிலிருந்து முழுமையாக விடுபட 2023 ஆனது. 2017-ல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பு பற்றிக் கார்ட்டூன் வரைந்ததற்காக, கார்ட்டூனிஸ்ட் பாலா சென்னையில் கைது செய்யப்பட்டார். அதிகாரத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை, சாமானியனிடம் இருக்கும் சில ஆயுதங்களில் ஒன்று. 2015 வெள்ளத்தின்போது நிவாரணப் பொருள்களில் ஒட்டப்பட்ட 'அம்மா ஸ்டிக்கரை' மீம்கள் கிழித்த கிழி, பல தலையங்கங்களைவிடக் கூர்மையானது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஸ்டிக்கர் மீம், அதிகாரத்தில் இருந்தவர்கள் செய்த ஒரு செயலைக் கேலி செய்தது. கேப்டன் மீம்களில் பல, ஒரு மனிதரின் உடம்பைக் கேலி செய்தன. சிரிப்பு ஒரே மாதிரி வந்ததால் நாம் வித்தியாசம் பார்க்கவில்லை.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டது. பேசாத பேச்சைப் பேசவைக்க ஒரு நிமிடம் போதும். போலி வீடியோக்கள் தெரியவந்தால் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2024 மே மாதம் கட்சிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால், உங்கள் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா போட்டதை நீக்க எந்த ஆணையமும் வராது. அங்கே தேர்தல் அதிகாரி நீங்கள்தான்.

அடுத்த முறை ஒரு மீம் வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன் மட்டும் ஒரு கேள்வி: இது அவர் செய்ததைக் கேலி செய்கிறதா, அவரையே கேலி செய்கிறதா? ஒரு விநாடிதான் ஆகும். விஜயகாந்த் விஷயத்தில், அந்த ஒரு விநாடியை எடுத்துக்கொள்ள நமக்குப் பல வருடங்கள் ஆகிவிட்டன.