எத்தனை பகுதி, எத்தனை பேனா?

சின்னத்திரைக்கு நகைச்சுவை எழுதுபவர்கள் கூடினால் பிரிட்டிஷ் பாணியா, அமெரிக்க பாணியா என்ற பேச்சு வந்துவிடுகிறது. பாணியை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது பிறக்கும் வேலைமுறையைப் பார்க்க வேண்டும்.

ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய பிரிட்டிஷ் தொடர் 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 பகுதிகள்: 1975இல் ஆறு, 1979இல் ஆறு. பிபிசியில் விளம்பரம் கிடையாது. அதனால் தொடக்கத்தில் சொன்ன ஒரு சின்னப் பொய் சிக்கலாகி, அரை மணி நேரத்தில் ஆளையே கவிழ்க்கும் வரை கதையை இறுக்கிக்கொண்டே போக முடிந்தது. அமெரிக்க அலைவரிசைகளிலோ ஆண்டுக்கு இருபதுக்கும் மேல் பகுதிகள் கேட்பது நெடுநாள் வழக்கம். அரை மணியில் விளம்பரம் போக மிஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடம். தனியாள் தாங்க முடியாத வேலை. ஒரு குழுவே உட்கார்ந்து, ஒருவர் எழுதிய வசனத்தை இன்னொருவர் தட்டித் தீட்டுகிறார்.

'தி ஆபீஸ்' இரு நாட்டிலும் வந்தது. பிரிட்டனின் தொடரில் மேலாளராக வரும் டேவிட் பிரெண்ட் கூச வைத்துக்கொண்டே இருப்பார். 14 பகுதிகளில் கதை முடிந்தது. அமெரிக்காவில் முதல் சில பகுதிகளுக்குப் பிறகு, அதே மேலாளர் இடத்தில் வரும் மைக்கேல் ஸ்காட்டுக்கு ஈரம் சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் வரப்போகிறவர் மேல் கொஞ்சமாவது பாசம் வர வேண்டுமே! அந்தத் தொடர் 2005 முதல் 2013 வரை 201 பகுதிகள் ஓடியது.

பிரிட்டிஷ் கூர்மையையும் அமெரிக்க நெருக்கத்தையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் கள்ளக்குறிச்சிப் பக்கம் தெருக்கூத்துக்கு வாருங்கள். இருவர் திரை பிடிக்க, துரியோதனன் பின்னால் நின்று பாடுகிறான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முன்னால் வந்து, யாரய்யா நீ, எந்த ஊர் என்று விசாரிக்கிறான். ராஜா செய்யுள் நடையில் பெருமை பேச, இவன் ஊர்ப் பேச்சில் அதற்குப் பொருள் சொல்கிறான். நடுவே தண்ணீர் வராத குழாயும் வட்டிக்கடனும் வந்துவிடுகின்றன. கொஞ்ச நேரத்தில் அவனே காவலாளி, அவனே தூதன். விடியும்வரை சபையை விட்டுப் போவதில்லை. ராஜாவை விடுவதும் இல்லை.

அவன் சிரிப்பு மேலே இருப்பவனை நோக்கிப் போகிறது. நம் மேடை நகைச்சுவையில் பெரும்பகுதி கறுப்புத் தோலையும் பருத்த உடலையும் புடவை கட்டிய ஆணையும் நோக்கிப் போகிறது. திறமைக் குறைவு இதற்குக் காரணம் இல்லை. நாளைக்கே பக்கம் வேண்டும் என்று தனி ஒருவரை நெருக்கினால், கைக்கு எட்டியதைத்தான் அவர் எழுதுவார்.

எனவே ஒப்பந்தம் போடும்போதே பேசுங்கள். தனியாகவோ இருவராகவோ எழுதுவதானால் ஆறு அல்லது எட்டுப் பகுதிகள் போதும் என்று சொல்லுங்கள். அவற்றை முழுதாக எழுதி முடித்த பிறகே படப்பிடிப்புக்குப் போகட்டும். நீண்ட தொடர் என்றால் எழுத்துக் குழு கேளுங்கள், ஒவ்வொருவருக்கும் ஊதியமும் திரையில் பெயரும் கேளுங்கள். அந்தக் குழுவில் கட்டியக்காரன் வேஷம் கட்டும் ஒரு கூத்துக் கலைஞருக்கும் இடம் கொடுங்கள். அவரிடமிருந்து வசனத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடுவது திருட்டு. அவருக்கும் எழுத்தாளர் என்ற பெயரும் ஊதியமும் உரியவை.

சிரிக்க வைப்பது அவசரத்தில் முடிகிற வேலை இல்லை. அதற்கான நேரத்தை வாதாடி வாங்குவதும் நம் தொழிலின் பகுதிதான்.