எந்த மைக்ணா வாங்கலாம்?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்துச் சாலைகளில் டிராக்டருக்கு முன்னால் பாட்டு வந்துவிடும். கச்சிராயபாளையம் ஆலைக்கோ மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கோ லோடு ஏற்றிப் போகிறவர், டிரெய்லரைப் பற்றிக் கவலைப்படுவதைவிட தலைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பாக்ஸைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார். அதில் ஓடுவது எல்லாம் சினிமாப் பாட்டு இல்லை. மாரியம்மன் பாட்டு, கூவாகம் திருவிழாவுக்கென்று போட்ட கூத்தாண்டவர் பாட்டு, உள்ளூர்ப் பையன்களின் கானா என்று நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வீட்டு மாடிகளில் பதிவானவையும் கலந்து வரும். கல்யாண வாழ்த்துக்கும் தேர்தல் நேரத்து ஆட்டோ அறிவிப்புக்கும் அதே மாடி அறைதான்.

அப்படி ஓர் அறை போட நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கிற முதல் கேள்வி, "எந்த மைக்ணா வாங்கலாம்?" நான் பதிலுக்கு, "ரூம் எங்கே, மேலே கான்கிரீட்டா ஷீட்டா?" என்று கேட்பேன். முகம் சுருங்கிவிடும். வாங்குவதற்கு வந்தவரிடம் வீட்டைப் பற்றி விசாரித்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். நம் வீடுகளில் காலியாக இருக்கிற அறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து. உயரமும் பத்தடிக்குப் பக்கம். கீழே டைல்ஸ், சுற்றிலும் பட்டி பார்த்த சுவர். நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். அந்த வால் நீங்கள் பதிகிற ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு வரும். பத்தடி இடைவெளிக்குள் ஒலி இரண்டு சுவருக்கும் நடுவே மோதி மோதி, ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112-லும் தேங்கி நிற்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே இடத்தில் தேக்கம். ஆண்குரலின் அடித்தொனி இருப்பது 112-ஐச் சுற்றித்தான். அதனால்தான் நம்ம ஊர் ரெக்கார்டிங்கில் பலர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கிறது. மைக்கின் விலையைக் கூட்டினால் அந்தப் பானை இன்னும் துல்லியமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

இதற்கு மருந்தாகச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். கோழிப்பண்ணைக்காரருக்கு லாபம். அட்டை மேல் ஸ்தாயியில் கொஞ்சம் சீறலைக் குறைக்கும். தேங்கி நிற்கிற அடித்தொனியை அது தொடவே தொடாது, தெருச் சத்தத்தை நிறுத்தவும் நிறுத்தாது. கனமும் ஆழமும் உள்ள பொருள்தான் வேலை செய்யும். பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் சாய்த்து வையுங்கள். துணி நிரம்பிய பீரோவைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள். மைக் பார்ப்பது உங்கள் முகத்தை மட்டும் இல்லை, உங்களுக்குப் பின்னால் இருக்கிற சுவரையும்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை. பெரிய ஸ்டுடியோச் சுவர்களில் மேடும் பள்ளமுமாக மரக்கட்டைகள் பதித்த பலகையைப் பார்த்திருப்பீர்கள். டிஃப்யூசர் என்று பெயர். எதிரொலியை அப்படியே திருப்பாமல் சிதறடித்து அனுப்பும். மேன்ஃபிரட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1970-களில் எண் கணிதத்தை வைத்து அதன் அளவுகளைச் சொன்னார். வரவழைத்து வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தேரில் யாளி செதுக்குகிற கைக்குப் பதினாறு பள்ளம் உள்ள ஒரு பலகை எம்மாத்திரம்? வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை.

சரி, மைக்குக்கு வருவோம். வீடியோக்களில் எல்லோரும் கண்டென்சர் மைக்கைத்தான் காட்டுகிறார்கள். 48 வோல்ட் கொடுத்தால் மூச்சுக்காற்றின் நுனிவரை கேட்கும் என்பது உண்மைதான். பக்கத்து வீட்டு மிக்ஸி, மாட்டுத்தொழுவம், பைபாஸில் போகிற லாரியின் ஏர் ஹாரன், ஆடி மாதத்து அம்மன் கோவில் மைக் செட் எல்லாவற்றையும் அதே துல்லியத்தோடு கேட்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நிசப்தமான அறை இருப்பவர்களுக்கான பொருள் அது. நமக்கு டைனமிக் மைக்தான் சரி. 1966-லிருந்து மேடை மேடையாக அடிபட்டு வருகிற ஷூர் எஸ்.எம்.58-ஐ வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடினால், குரல் முன்னால் வந்து ஊர் பின்னால் போய்விடும். பறையும் பம்பையும் பக்கத்தில் வைத்து அடித்தாலும் அது அசராது. பாட்காஸ்ட்காரர்கள் எல்லோர் முன்னாலும் தொங்குகிறதே என்று எஸ்.எம்.7பி-க்கு ஆசைப்படாதீர்கள். நல்ல மைக்தான். ஆனால் குரலை எழுப்ப 60 டெசிபல் அளவுக்கு கெயின் கேட்கும். மலிவான சவுண்ட் கார்டு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் 'ஸ்ஸ்' என்று இரையும்.

விலை குறைந்த மைக்கில் என்ன வரும் என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1982-ல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டுப் படுக்கையறையில், எஸ்.எம்.57 மைக்குகளையும் நாலு டிராக் கேசட் பெட்டி ஒன்றையும் வைத்துக்கொண்டு மாதிரிக்கென்று பாடி வைத்தார். பிறகு குழுவோடு ஸ்டுடியோவில் வாசித்தும் பார்த்தார்கள், ஒட்டவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது.

நம்மவர்கள் ரஹ்மானைத்தான் சொல்வார்கள். 1989-ல் கோடம்பாக்கத்து வீட்டோடு சேர்த்துக் கட்டிய பஞ்சதன் ஸ்டுடியோ, அதற்குப் பிறகு 1992-ல் 'ரோஜா'. அதைச் சொல்பவர்கள் அங்கே பல ஆண்டுகள் ஒலியைக் கவனித்த ஹெச். ஸ்ரீதரின் பெயரைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஒலிப்பதிவுக்காக நான்கு தேசிய விருதுகள் வாங்கியவர், 2008-ல் காலமானார். அந்தக் காதைக் கடையில் விற்பதில்லை.

அடுத்தது கரண்ட். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால் மைக்கை மாற்றாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது பெரும்பாலும் லைனின் 50 ஹெர்ட்ஸ். மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குள் ஒயரே போயிருக்காது. உதடு மைக்கில் பட்டால் சுரீர் என்கிறதா, அதுவும் இதே நோய்தான், ஆபத்தும்கூட. கொல்லையில் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, ஒழுங்காக எர்த் இறக்குங்கள். வெயில் காலத்தில் மறக்காமல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஸ்பீக்கருக்கு இப்போதே பணம் போட வேண்டாம். அந்தப் பத்தடி அறையில் எந்த மானிட்டரும் அடித்தொனியைப் பற்றிப் பொய்தான் சொல்லும். காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று போதும். மிக்ஸிங் முடிந்ததும் போனில் ஒரு முறை, டிராக்டர் பாக்ஸில் ஒரு முறை போட்டுக் கேளுங்கள். பாட்டு வாழப்போவது அங்கேதான்.

இவ்வளவு பாடுபட்டு நாம் சரிசெய்கிற அறையை, கல்வராயன் மலையில் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தார்கள். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறி வெள்ளிமலை போய், அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களில் மிச்சமிருக்கும் பழைய கூரை வீட்டுக்குள் நின்று கை தட்டிப் பாருங்கள். வால் இருக்காது. மேலே தடிமனான கூரைப்புல், கீழே சாணி மெழுகிய தரை, எங்கும் நேர்க்கோடில்லாத மண்சுவர். ஒலி போகும், திரும்பாது. அதற்குப் பக்கத்திலேயே அரசு கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீட்டில் அந்தக் கூரை வீட்டுப் பாட்டி பாடினால் குரல் சுவருக்குச் சுவர் அலையும். பாட்டிக்குக் கூரை வீடு ஒழுகும், எனக்கு அதன் ஒலி பிடிக்கும். இதில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் மலைப் பாட்டைப் பதிய வேண்டுமென்றால், பாடுபவரை இறக்கி ஸ்டுடியோவுக்குக் கூட்டி வராதீர்கள். ஏ.சி. அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டால் தாலாட்டு பாதியில் நின்றுவிடும். கையடக்க ரெக்கார்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு நாம் ஏறுவோம். இப்போது வருகிற ஜூம் எச்1 எசென்ஷியல் போன்றவை 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிபவை. ஒப்பாரி திடீரென்று உச்சத்துக்கு ஏறினாலும் ஃபைல் உடையாது, லெவல் பார்த்துக்கொண்டு பாட்டியின் முகத்தைத் தவறவிட வேண்டாம். காற்றுக்கு ஒரு பஞ்சுத் தொப்பி, கூடுதல் பேட்டரி. சில்வண்டு இறங்கும் அந்தி நேரம் வேண்டாம், முற்பகலே நல்லது.

1938-ல் ஆர்னால்ட் பாக்கே என்ற டச்சுக்காரர் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைப் பதிந்தார். 1984-ல் நசீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லின் தம்பதி அந்தப் பதிவுகளோடு அதே ஊர்களைத் தேடிப் போனார்கள். எங்கே பதிந்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது. நம் போனில் கிடப்பதோ 'ரெக்கார்டிங் 37'. பாட்டு தொடங்கும் முன் பெயர், ஊர், தேதி மூன்றையும் பாடுபவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். யார் யாருக்கு அனுப்பினாலும், ஃபைல் பெயரை யார் மாற்றினாலும், அது உள்ளே இருக்கும்.