நசுங்காத எலுமிச்சம்பழம்

சென்ற ஆண்டு ஆயுதபூசை அன்று மாலை, பாசிர் ரிஸ்ஸில் எங்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தில், அப்பா எலுமிச்சம்பழங்களோடு குனிந்தார். தேக்காவில் அன்று காலைதான் வாங்கி வந்த பழங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு வைத்தாயிற்று. பின்னால் இடது சக்கரத்தடியில் ஒன்றை வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு முட்டி போட்டு, கைப்பேசி விளக்கைப் போட்டுக் காருக்கு அடியில் பார்த்தார். 70 வயதுக்காரர் சிமெண்டுத் தரையில் முட்டி போடுவதைப் பார்த்து என் மனைவி பதறினாள்.

“இது கம்பெனி பாகம் இல்லையே. யாரு செஞ்சது?”

“நான்தாம்பா” என்றேன். என் குரலில் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“வண்டியை எடுக்காதே.”

எங்கள் கார் 1999ல் பதிவான ஹோண்டா சிவிக். இந்த ஊரில் ஒரு கார் பத்தாண்டைத் தாண்டி ஓட வேண்டுமானால் சிஓஇயைப் புதுப்பித்தாக வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ 150,001 வெள்ளியைத் தொட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். இவ்வளவு கொடுத்துப் பழைய காரை வைத்திருப்பவனை உறவினர்கள் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சிவிக்கின் பின் சஸ்பென்ஷன் அமைப்பைப் பார்த்தால், என்னைப் போன்ற மெக்கானிக்கல் எஞ்சினியருக்குக் கை அரிக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எல்லாம் கழற்றி மாட்டலாம்.

பின்பக்க லோயர் ஆர்ம் இரண்டிலும் ரப்பர் புஷ் வெடித்துப்போயிருந்தது. லோயர் ஆர்ம் என்பது ஒரு முழ நீளம்கூட இல்லாத இரும்புக் கை. அதன் ஒரு முனை காரின் உடலோடும் மறு முனை சக்கரத்தைத் தாங்கும் பகுதியோடும் இணைந்திருக்கும். இந்தக் காரில் ஷாக் அப்சார்பரின் கீழ்முனையும் இந்தக் கையில்தான் உட்காரும். அதாவது, அந்த மூலையில் காரின் எடையே இந்தக் கை வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. புது புஷ் மட்டும் அழுத்திப் பொருத்தியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வெளியே விற்கும் அலுமினிய ஆர்ம் வாங்கியிருந்தாலும் முடிந்திருக்கும். நான் இரண்டையும் செய்யவில்லை. லோயாங் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவரின் பட்டறை சனிக்கிழமை மதியத்தில் காலியாக இருக்கும். நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

கணினியில் வரைந்தேன். 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக் குழாய் வாங்கினேன். இரு முனைகளிலும் புஷ் உட்காரும் வளையங்களைக் கடைந்து பற்றவைத்தேன். ஷாக் அப்சார்பர் உட்கார 6 மில்லிமீட்டர் தகட்டில் ஒரு பிராக்கெட் வெட்டி, அதையும் குழாயின் மேல் வெல்டிங் செய்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்ததும் கடையில் வாங்கியது போலவே இருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். காரில் மாட்டி மூன்று மாதம், சுமார் 3,000 கிலோமீட்டர் ஓட்டியும் ஆயிற்று. பின்னிருக்கையில் என் எட்டு வயது மகள், தினமும்.

அப்பா துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் 28 ஆண்டுகள் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் காருக்கடியில் பார்த்தது, பிராக்கெட்டின் ஓரத்தில் கறுப்புப் பெயின்ட்டுக்கு நடுவே ஓடிய முடி போன்ற ஒரு துருக்கோடு. நான் அந்தக் காரைப் பல முறை கழுவியிருக்கிறேன். என் கண்ணில் அது படவேயில்லை. பட்டிருந்தாலும் பெயின்ட் உரிந்திருக்கிறது என்றுதான் நினைத்திருப்பேன்.

“லோயாங் பக்கத்துலதானே இருக்கு, மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்” என்றேன்.

“பக்கத்துலன்னு அதுக்குத் தெரியுமா?” என்றார்.

இழுவை வண்டி வந்தது. சிவிக்கை அதன் முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. வைத்த எலுமிச்சம்பழங்கள் முழுசாக, வரிசையாகத் தரையில் கிடந்தன. மகள் அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் பட்டறையில் இரண்டு ஆர்மையும் கழற்றினோம். கிரைண்டரால் பெயின்ட்டைச் சுரண்டப் போன என் கையை அப்பா பிடித்தார். “கிரைண்டர் போடாதே, இரும்பு இழுபட்டு விரிசலோட வாய் மூடிக்கும்.” பெயின்ட் நீக்கும் திரவத்தால் துடைக்கச் சொன்னார். பிறகு கப்பல் பட்டறையில் எல்லாரும் ‘டை செக்’ என்று சொல்லும் சோதனை. மூன்று ஸ்பிரே டப்பாக்கள் போதும். முதலில் கிளீனரால் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சுத்தம் செய்து காயவிட வேண்டும். பிறகு சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் சாயம் தானாக இறங்கும். அடுத்து, கிளீனரில் நனைத்த துணியால் மேலே உள்ள சாயத்தைத் துடைக்க வேண்டும். கிளீனரை நேரடியாக அடித்தால் உள்ளே போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். கடைசியாக வெள்ளை டெவலப்பரை மெல்லிய மாவு போலப் படியவிட வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் சாயம் மெல்ல வெளியே கசியும்.

வலது ஆர்மில் வெல்டிங் முடிந்த இடத்தில் நட்சத்திரம் போல ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி வந்தது. இடது ஆர்மில் பிராக்கெட்டின் ஓரமாக ஒரு கோடு. முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு சேர்ந்து நீளமாக. அளந்தேன், 12 மில்லிமீட்டர். நண்பர் ஒன்றும் பேசவில்லை. நானும்தான். அது உடைந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கத் தேவையே இல்லை. வரைந்தவன் நான்தானே. ஷாக் அப்சார்பருக்குக் கீழே பிடிமானம் போய் அந்த மூலை அப்படியே இறங்கும். சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். தெம்பனிஸ் விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில், பக்கத்தில் லாரி வரும்போது அது நடந்திருக்கலாம்.

எங்கே தப்பு செய்தேன் என்று அப்பா ஒவ்வொன்றாகக் காட்டினார். கனமான தகட்டையும் மெல்லிய குழாயையும் ஒட்டும்போது, தகட்டுக்குத் தகுந்த சூட்டை வைத்தால் குழாய் தாங்காது. வெல்டிங் ஓரத்தில் குழாய் உருகி நகக்கீறல் போல ஒரு பள்ளம் விழும். அதை ‘அண்டர்கட்’ என்பார்கள். வெல்டிங்கை முடிக்கும் இடத்தில் கையைச் சட்டென்று எடுத்தால் அங்கே குழி விழுந்து, நட்சத்திரம் போல வெடிக்கும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன். அதற்கு மேல், பிராக்கெட்டின் கூர்மையான மூலை சரியாகக் குழாயின் நடுவில், வளைவு விசை அதிகம் வரும் இடத்தில் முடிகிறது. அந்த மூலையை நீட்டி, வளைத்து, விசை பரவும்படி செய்திருக்க வேண்டும். இது அப்பா சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு நான் படித்த பாடம்.

கணக்கு போடாமலா செய்தேன்? போட்டேன். சிவிக்கின் எடை சுமார் 1,050 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 250 கிலோ சொச்சம். பள்ளத்தில் இறங்கும்போது மூன்று மடங்கு வரும் என்று வைத்தேன். குழாய் தாங்கும் என்று விடை வந்தது. ஒரே முறை தூக்குவதானால் அந்த விடை சரி. ஆனால் அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 முறை சுழல்கிறது. சாலையின் ஒவ்வொரு ஒட்டும் ஒவ்வொரு வேகத்தடையும் அந்தக் கையைக் கொஞ்சம் வளைத்து விடுகிறது. கம்பியை ஒரே முறை வளைத்தால் உடையாது, முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் உடையும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரும்பு இப்படிக் களைத்துப் போவதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கார் நிறுவனங்கள் ஒரு மாதிரி ஆர்மை இயந்திரத்தில் பூட்டி லட்சக்கணக்கான முறை வளைத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு விடுகின்றன. என் ஆர்மை அப்படிச் சோதித்தது யார் என்று கேட்டுப் பார்த்தேன். என் மகள்தான், பின்னிருக்கையில் உட்கார்ந்து.

கையால் கார் செய்வதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் கோயம்புத்தூர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். அங்கே ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன், வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது பலருக்கு எட்டாக்கனியாக இருந்த காலத்தில், உள்ளூரிலேயே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டினார். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ கார்களில்தான் ஒரு தலைமுறை இளைஞர்கள் ஓட்டப் பழகினார்கள். 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அவர்களில் ஒருவர். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். 2003ல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவரைப் பற்றிப் படித்துப் படித்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. ஆனால் ஒன்றை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்தக் கார்களில் ஒரே ஓர் இருக்கைதான். ஓட்டுபவர் தலைக்கவசம் போட்டு, ஆபத்து தெரிந்து, மூடிய தடத்தில் ஓட்டுகிறார். பந்தயம் முடிந்ததும் காரைப் பிரித்து மேய்ந்து பார்ப்பார்கள். என் காரில் பின்னிருக்கை இருக்கிறது. பக்கத்துத் தடத்தில் மோட்டார்சைக்கிளில் போகிறவர் என் வெல்டிங்கை நம்புவதாக எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதைப் பார்க்காமலே இறங்கியவன். நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, முன்அனுமதி பெற வேண்டியவை, அறவே கூடாதவை. ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது. ஒரு திருகைக் கழற்றும் முன் அதைப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். பத்தாண்டைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டுதான். ஆனால் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் 12 மில்லிமீட்டர் விரிசலைப் பரிசோதகர் பார்த்துச் சொல்வார் என்று நம்பி யாரும் வண்டி ஓட்டக்கூடாது. ஜெர்மனியில் மாற்று ஸ்பிரிங் வாங்கினாலே டியூவ் போன்ற அமைப்பின் சான்றிதழ் கேட்பார்கள். நீங்களும் கடையில் பாகம் வாங்கும்போது, எந்த நிறுவனம் செய்தது, எங்கே சோதித்தது என்று கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கைவேலை ஆசை எனக்குப் போய்விடவில்லை. இப்போதும் சனிக்கிழமைகளில் லோயாங் போகிறேன். சக்கரத்தின் சாய்வை அளக்க ஒரு சட்டம் செய்தேன், அலுமினியத்தில். பட்டறையில் கருவிகள் வைக்க ஒரு தள்ளுவண்டி செய்தேன். அதன் வெல்டிங்கை அப்பா பார்த்தார். “இப்ப கை நிதானமா நகருது” என்றார். 28 ஆண்டு வெல்டரிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் ஆகிய மூன்றிலும் நான் செய்த எதையும் மாட்டுவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

காருக்குப் பழைய கம்பெனி ஆர்ம்களையே புது புஷ் போட்டுத் திரும்ப மாட்டினோம். அந்த வேலையிலும் அப்பா பக்கத்திலேயே நின்றார். நீங்கள் செய்ய நேர்ந்தால் உதவும் என்று ஒன்றைச் சொல்கிறேன்: ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

விரிசல் விட்ட அந்த இடது ஆர்மை நான் தூக்கி எறியவில்லை. வெள்ளை மாவும் சிவப்புக் கோடும் அப்படியே இருக்க, பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்துக் கார் வீட்டுக்கு வந்தது. ஆயுதபூசை எப்போதோ முடிந்துவிட்டிருந்தது. மகள் விடவில்லை. குளிர்பெட்டியில் வைத்திருந்த பையை எடுத்து வந்து, நான்கு சக்கரத்தடியிலும் தானே பழங்களை வைத்தாள். பழங்கள் கொஞ்சம் வாடியிருந்தன. அப்பா மறுபடி முட்டி போட்டு, விளக்குப் போட்டு, அடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்தார்.

“இப்ப எடு” என்றார்.